கேஸ், கரண்ட் டைரக்ட் டெபிட்டை சப்ளையர் திடீர்னு ஏத்திட்டா என்ன பண்ணணும், எதுக்கு அப்புறம் எது பண்ணணும்

இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்துல வீடு எடுத்து இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் இது. வட அயர்லாந்துல விதிமுறையும் வேற, போய் முறையிடுற இடமும் வேற.

ஒரு நாள் காலையில மெயில் வரும், "உங்க மாசாந்திர பேமெண்ட் மாறுது"ன்னு. தொறந்து பாத்தா 118 பவுண்டு கட்டிட்டு இருந்தவங்களுக்கு 259 பவுண்டுன்னு போட்டிருக்கும். இது நான் கற்பனையா சொல்ற நம்பர் இல்ல, பக்கத்து தெருவுல இருக்கிற தம்பி ஒருத்தர் மதுரையிலேர்ந்து வந்து ஒரு வருஷம், அவருக்கு வந்த மெயில் இது, ராத்திரி பத்து மணிக்கு போன் பண்ணி "அண்ணே, ரெண்டே ரெண்டு பெட்ரூம் வீடு, அதுக்கு 259 கேக்குறானுங்க, நான் பேங்க்ல கேன்சல் பண்ணிடவா"ன்னு கேட்டார். பண்ணாதீங்கன்னு சொல்லிட்டு மறுநாள் போய் உக்காந்து பாத்தோம். கடைசில 139ல முடிஞ்சுது. அந்த கணக்கையே கீழ உதாரணமா வச்சிருக்கேன், வசதிக்காக ரேட்டை மட்டும் முழு எண்ணா ஆக்கியிருக்கேன்.

ஒண்ணே ஒண்ணு மனசுல வச்சுக்கிட்டா மிச்சமெல்லாம் புரிஞ்சிடும். இங்க டைரக்ட் டெபிட் தொகை, அதாவது பேங்க்லேர்ந்து மாசாமாசம் தானா எடுக்கிறது, வேற, பில் வேற. ஊர்ல ஈபிக்காரர் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ வந்து ரீடிங் எடுப்பார், எத்தனை யூனிட்டோ அத்தனைக்கு கட்டுவோம், கணக்கு அதோட தீந்துது. இங்க அப்படி இல்ல, வருஷத்துக்கு எவ்வளவு ஆகும்னு சப்ளையர் ஒரு கணிப்பு போட்டு, அதை 12ஆ வகுத்து மாசாமாசம் எடுக்கிறாங்க. அந்த கணிப்புக்குள்ள மூணு விஷயம் இருக்கு: வருஷத்துக்கு எத்தனை யூனிட், யூனிட் என்ன ரேட்டு, அக்கவுண்ட்ல இப்ப பாக்கி இருக்கா, இல்ல கிரெடிட், அதாவது நீங்க கூட கட்டின காசு, இருக்கா. தொகை தப்புன்னா இந்த மூணுல ஏதோ ஒண்ணு தப்பு. எதுன்னு தெரியாம போன் பண்ணா அரை மணி நேரம் பாட்டு கேட்டுட்டு "சிஸ்டம் அப்படித்தான் காட்டுது சார்"ங்கிற பதிலோட போனை வைக்க வேண்டியதுதான்.

1. பேங்க் ஆப்ல கை வைக்காதீங்க

கோபத்துல முதல்ல எல்லாரும் பண்றது டைரக்ட் டெபிட்டை கேன்சல் பண்றது. பேங்க் ஆப்ல ரெண்டு தட்டு தட்டினா போச்சு, அவ்ளோ ஈஸி, அதான் ஆபத்து.

கேன்சல் பண்ணா பாக்கி எங்கயும் போகாது. டைரக்ட் டெபிட்டுக்கு கிடைக்கிற ரேட்டு போயிடும், பில் வந்ததும் கட்டுற வகைக்கு மாத்திடுவாங்க, அதுக்கு பொதுவா ரேட்டு ஜாஸ்தி. கட்டாம விட்டா உங்க கடன் வரலாறு இருக்கிற கிரெடிட் ஃபைல்லயும் ஏறும், நாளைக்கு மார்ட்கேஜுக்கு போறப்ப அது வந்து நிக்கும்.

டைரக்ட் டெபிட் கேரண்டின்னு ஒண்ணு இருக்கு, அதை வச்சு பேங்க்ல காசை திருப்பி வாங்கிடலாம்னு சில பேர் சொல்லுவாங்க. சொல்லாம எடுத்தாலோ, சொன்ன தொகையை விட வேற தொகை எடுத்தாலோ, சொன்ன தேதிக்கு முன்னாடி எடுத்தாலோ அது சரி. முறையா நோட்டீஸ் குடுத்து ஏத்தினதுக்கு அது மருந்து இல்ல, பேங்க் குடுத்தாலும் சப்ளையர் கணக்குல அது பாக்கியா நிக்கும்.

இப்ப பண்ண வேண்டியது ரெண்டு. மெயில்ல இருக்கிற லிங்கை தொடாம, சப்ளையர் ஆப்ல நேரா போய் அதே தொகை அங்கயும் காட்டுதான்னு பாருங்க, ஏன்னா போலி மெயிலும் இதே மாதிரிதான் வரும். அப்புறம் புது தொகை என்னைக்கு எடுப்பாங்கன்னு தேதியை குறிச்சுக்கோங்க. பொதுவா 10 வேலை நாள் முன்னாடி சொல்லணும், அதாவது உங்க கையில கிட்டத்தட்ட ரெண்டு வாரம் இருக்கு. அந்த ரெண்டு வாரத்துக்குள்ளதான் கீழ இருக்கிறதெல்லாம் முடியணும்.

2. எடுத்து வச்சுக்க வேண்டியது

ஏத்துறதா சொன்ன நோட்டீஸ், கடைசி பில், முடிஞ்சா ஒரு வருஷத்துக்கு முந்தின பில். நீங்க வீட்டுக்கு வந்த அன்னைக்கு எடுத்த மீட்டர் போட்டோ இருந்தா அது தங்கம். பில்லெல்லாம் ஆப்ல பிடிஎஃப்ஆ இருக்கும், இறக்கி வச்சுக்கோங்க, ஏன்னா சப்ளையர் மாறினதும் பழைய ஆப் வேலை செய்யாம போறத நான் பாத்திருக்கேன்.

அப்புறம் அக்கவுண்ட் யார் பேர்ல இருக்குன்னு பாருங்க. கணவர் பேர்ல இருந்து மனைவி போன் பண்ணா பேசவே மாட்டாங்க. அப்பா அம்மாவுக்காக பிள்ளைங்க பேசுற வீடு நம்மள்ல நிறைய, அவங்க முன்னாடியே அக்கவுண்ட்காரரை விட்டு "என் சார்பா இவர் பேசலாம்"னு பதிவு பண்ணி வச்சுக்கணும். போன் போட்டு நாப்பது நிமிஷம் காத்திருந்த பிறகு இது தெரிஞ்சா எரிச்சலா இருக்கும்.

3. மீட்டரை நீங்களே போய் பாருங்க

முக்காவாசி பிரச்சனை இங்கதான் இருக்கு. "ஸ்மார்ட் மீட்டர் இருக்கே, அதுவே அனுப்பிடுமே"ன்னு எல்லாரும் சொல்றாங்க. அனுப்பினா சரி. பல வீட்ல கரண்ட் ரீடிங் ஒழுங்கா போயிட்டு இருக்கும், கேஸ் ரீடிங் மட்டும் பாதியில நின்னிருக்கும், சப்ளையர் கம்முனு ஒரு எஸ்டிமேட்டை போட்டு ஓட்டிட்டு இருப்பாங்க. சமையலறையில பிளக்ல சொருகி வச்சிருக்கிற குட்டி டிஸ்ப்ளே காட்டுற நம்பர் ரீடிங் இல்ல, மீட்டர்ல இருக்கிறதுதான் ரீடிங்.

பில்லை எடுத்து ரீடிங் பக்கத்துல என்ன போட்டிருக்குன்னு பாருங்க. எஸ்டிமேட்டட்னு இருக்கும், இல்ல அதுக்கு ஒரு எழுத்து போட்டு கீழ விளக்கம் இருக்கும். வரிசையா நாலஞ்சு மாசம் எஸ்டிமேட்டட்னு இருந்தா பாதி பிரச்சனை அங்கயே முடிஞ்சுது. மதுரைத் தம்பி வீட்ல 12 மாசமும் கேஸ் எஸ்டிமேட்டட், அதுவும் அவருக்கு முன்னாடி அந்த வீட்ல இருந்த குடும்பம் எரிச்ச கணக்கை வச்சு.

ரீடிங் எடுக்கிறப்ப:

டிஜிட்டல் மீட்டர்னா புள்ளிக்கு முன்னாடி இருக்கிற எண் மட்டும் போதும். சிவப்புல இருக்கிறதும் புள்ளிக்கு அப்புறம் இருக்கிறதும் வேணாம். புள்ளியை விட்டுட்டு எல்லா எண்ணையும் போட்டவங்க இருக்காங்க, பில் ஆயிரக்கணக்குல வந்து மூர்ச்சை ஆயிட்டாங்க.

முள்ளு வச்ச பழைய மீட்டர்ல முள்ளு ரெண்டு எண்ணுக்கு நடுவுல இருந்தா கம்மியான எண்ணை எடுங்க, 9க்கும் 0க்கும் நடுவுல இருந்தா 9.

எகானமி 7 மாதிரி ராத்திரி ஒரு ரேட்டு பகல் ஒரு ரேட்டுன்னு இருந்தா ரெண்டு ரீடிங் இருக்கும், ரெண்டையும் குடுக்கணும். பகலையும் ராத்திரியையும் மாத்தி போட்டா, ராத்திரி எரிச்சது பூரா பகல் ரேட்டுல ஏறிடும்.

மீட்டர்ல ஒரு சீரியல் நம்பர் இருக்கும், அது பில்ல இருக்கிற நம்பரோட ஒத்து வருதான்னு கட்டாயம் பாருங்க. ஃபிளாட்ல இருக்கிறவங்க இதை விடவே கூடாது, கீழ ஒரே ரூம்ல வரிசையா பத்து மீட்டர் இருக்கும், பக்கத்து வீட்டு மீட்டருக்கு நீங்க கட்டிட்டு இருக்கலாம், நடக்காத விஷயம் இல்ல.

கேஸ் மீட்டர்ல இன்னொரு வம்பு இருக்கு. ஊர்ல ஒரு யூனிட்னா ஒரு கிலோவாட் அவர், இங்கயும் கரண்டுக்கு அதேதான். கேஸ் மீட்டர் காட்டுறது யூனிட் இல்ல, கன அளவு. புது மீட்டர் கன மீட்டர்ல காட்டும், ஒரு கன மீட்டர் சுமாரா 11 கிலோவாட் அவர். பழைய மீட்டர் நூறு கன அடில காட்டும், அது ஒண்ணுக்கு 32 கிட்ட வரும். உங்க மீட்டர் புதுசா இருந்து சப்ளையர் சிஸ்டத்துல பழசுன்னு பதிஞ்சிருந்தா கேஸ் பில் கிட்டத்தட்ட மூணு மடங்கு ஏறும். மீட்டர் மூஞ்சில கன மீட்டர்னா எம் எழுத்து போட்டு மேல சின்னதா 3ன்னு இருக்கும், பில்லோட பின்பக்கம் கணக்கு போட்டு காட்டியிருக்கிற இடத்துல என்ன யூனிட்னு எழுதியிருக்கோ அதோட ஒப்பிட்டு பாருங்க. ஒரு நிமிஷ வேலை, யாரும் பண்றதில்ல.

போட்டோ எடுங்க. ரீடிங்கும் சீரியல் நம்பரும் ஒரே படத்துல தெரியணும். பின்னாடி சண்டை வந்தா இந்த ஒரு படம்தான் பேசும்.

4. ரீடிங் குடுத்து புது பில் வாங்குங்க, அதுவரைக்கும் பொறுமை

ஆப்ல ரீடிங்கை போடுங்க. எஸ்டிமேட்டை விட உங்க ரீடிங் கம்மியா இருந்தா சில ஆப் "இது தப்பா இருக்கே"ன்னு ஏத்துக்கவே ஏத்துக்காது, அப்ப போட்டோவோட சாட்லயோ மெயில்லயோ அனுப்பி பில்லை திருத்தி போட சொல்லுங்க.

புது பில் வராம டைரக்ட் டெபிட்டை குறைக்க சொல்லி கேக்குறது வீண், ஏன்னா அவங்க ஸ்க்ரீன்ல இன்னும் பழைய தப்பு பாக்கிதான் நிக்கும், போன் எடுக்கிறவங்களால அதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது. நான் மொத தடவ என் வீட்டுக்கு பண்ணப்ப இந்த ஆர்டரை மாத்தி பண்ணி மூணு தடவ போன் பண்ண வேண்டியதா போச்சு.

தம்பி வீட்ல எஸ்டிமேட் கணக்குல 846 பவுண்டு பாக்கின்னு காட்டிட்டு இருந்துது. நிஜ ரீடிங் போட்டு பில் திருத்தினதும் அது 126 பவுண்டு ஆயிடுச்சு. யார்கிட்டயும் இன்னும் வாதாடவே இல்ல, அதுக்குள்ளயே 720 பவுண்டு கரைஞ்சுது.

உண்மையான ரீடிங் எதிர்மாறாவும் போகலாம், அதாவது எஸ்டிமேட் கம்மியா இருந்து நீங்க நிஜமாவே ஜாஸ்தி எரிச்சிருக்கலாம். அப்ப பாக்கி ஏறும். அதை மறைச்சு வச்சு பிரயோஜனம் இல்ல, இன்னும் ஒரு வருஷம் கழிச்சு மொத்தமா வந்து விழும். ஆனா இது தெரிஞ்சுக்கோங்க: சப்ளையர் தப்பால 12 மாசத்துக்கு முன்னாடி எரிச்சதுக்கு பில் போடாம விட்டிருந்தா, இப்ப வந்து அதுக்கு காசு கேக்க முடியாது. பேக் பில்லிங் ரூல்னு சொல்லுவாங்க. ரீடிங் எடுக்க வர்றவங்களை நீங்க வேணும்னே உள்ள விடாம இருந்தா அது செல்லாது.

5. இப்ப கணக்கு நீங்களே போடுங்க

கால்குலேட்டர், ஒரு பேப்பர், பத்து நிமிஷம். சப்ளையர் எப்படி போட்டாங்கன்னு யோசிக்க வேணாம், சரியான தொகை என்ன வரணும்னு மட்டும் பாருங்க.

ஒரு வருஷ யூனிட் எடுங்க. இன்னைக்கு ரீடிங்லேர்ந்து போன வருஷம் இதே சமயத்து ரீடிங்கை கழிச்சா போதும், கேஸ்னா வர்றதை மேல சொன்ன 11ஆலயோ 32ஆலயோ பெருக்கி யூனிட்டா ஆக்கிக்கோங்க. ரீடிங் இல்லன்னா பில்ல வருஷ உபயோகம்னு ஒரு நம்பர் இருக்கும், ஆனா அதுவே எஸ்டிமேட்டா இருக்கலாம், கவனம். ஆறு மாசத்தை ரெண்டால பெருக்குற வேலை மட்டும் பண்ணிடாதீங்க, குளிர்கால ஆறு மாசத்தை பெருக்கினா ஹீட்டிங்கால கேஸ் கண்டபடி ஏறும், கோடை ஆறு மாசத்தை பெருக்கினா சந்தோஷப்பட்டு ஏமாறுவீங்க.

தம்பி வீட்டு கணக்கு இது, ரேட்டு வாட் வரியோட சேத்து:

கரண்ட் 2,600 யூனிட், யூனிட் 25 பென்ஸ், ஆக 650 பவுண்டு.
கேஸ் 10,000 யூனிட், யூனிட் 6 பென்ஸ், 600 பவுண்டு.
ஸ்டாண்டிங் சார்ஜ் ரெண்டுக்கும் சேத்து ஒரு நாளைக்கு 80 பென்ஸ், 365 நாளுக்கு 292 பவுண்டு.
மொத்தம் 1,542. பன்னெண்டால வகுத்தா 128 பவுண்டு 50 பென்ஸ்.

அப்புறம் பாக்கி. 126 பவுண்டை 12 மாசமா பிரிச்சா 10 பவுண்டு 50 பென்ஸ். கூட்டினா 139.

ஸ்டாண்டிங் சார்ஜை மறந்துட்டு கணக்கு போட்டு சப்ளையர் ஏமாத்துறான்னு கத்துறவங்க நிறைய பேர். நீங்க ஒரு லைட் கூட போடாம ஊருக்கு போயிருந்தாலும் அது தினமும் ஏறிட்டே இருக்கும்.

சப்ளையர் 259 எப்படி கொண்டு வந்தாங்கன்னு பின்னாடி பாத்தோம். கேஸை 22,000 யூனிட்னு வச்சிருந்தாங்க, அதனால வருஷம் 2,262, மாசத்துக்கு 188 பவுண்டு 50 பென்ஸ். அந்த இல்லாத பாக்கி 846ஐ 12ஆ பிரிச்சு 70 பவுண்டு 50 பென்ஸ். சேத்தா 259. கணக்கு பிசகல, உள்ள போட்ட நம்பர்தான் தப்பு, அது ஒரே தப்பு ரெண்டு இடத்துல ஏறி இருக்கு, யூனிட்லயும் பாக்கிலயும்.

6. மூணுல எது மாறியிருக்குன்னு பாருங்க

உங்க கணக்கும் அவங்க தொகையும் அஞ்சு, பத்து பவுண்டு வித்தியாசத்துல இருந்தா விட்டுடுங்க, அவங்க சொல்றது சரிதான். ஏறினதாலயே அது அநியாயம்னு ஆகாது.

ரேட்டு மாறியிருக்கலாம். ஒரு வருஷத்துக்கோ ரெண்டு வருஷத்துக்கோ ரேட்டை ஃபிக்ஸ் பண்ணது முடிஞ்சிருந்தா தானா வேரியபிள் டாரிஃபுக்கு, அதாவது அப்பப்ப மாறுற ரேட்டுக்கு, போயிடுவீங்க. அந்த டாரிஃபுக்கு ஆஃப்ஜெம், அதாவது சப்ளையர்களை கட்டுப்படுத்துற அமைப்பு, போடுற உச்சவரம்பான பிரைஸ் கேப் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர்னு மூணு மாசத்துக்கு ஒரு தடவ மாறும். டிவில "கேப் இத்தனை பவுண்டு"ன்னு வருஷ தொகை சொல்றதை கேட்டுட்டு அதுக்கு மேல யாரும் வாங்க முடியாதுன்னு நினைக்காதீங்க, அது சராசரி வீட்டுக்கு போட்ட கணக்கு. உச்சவரம்பு யூனிட் ரேட்டுக்கும் ஸ்டாண்டிங் சார்ஜுக்கும்தான், மொத்த பில்லுக்கு இல்ல. ஜாஸ்தி எரிச்சா ஜாஸ்தி கட்டணும், அவ்ளோதான்.

ரேட்டுதான் காரணம்னா சப்ளையர்கூட சண்டை போட்டு ஒண்ணும் ஆகாது, வேற டாரிஃப் பாக்குறதுதான் வழி. ஃபிக்ஸ்ல இருக்கிறவங்க முடியுற தேதிக்கு 49 நாளைக்குள்ள மாறினா பாதியில விலகுறதுக்கான எக்ஸிட் ஃபீ கிடையாது.

யூனிட் மாறியிருக்கலாம். குழந்தை பொறந்திருக்கும், ஊர்லேர்ந்து அம்மா அப்பா வந்து ஆறு மாசம் இருந்திருப்பாங்க, அவங்களுக்கு இந்த குளிர் தாங்காது, ஹீட்டிங் நாள் பூரா ஓடியிருக்கும். அது நிஜ செலவு, ஆனா அவங்க திரும்பி போயிட்டா அடுத்த வருஷத்துக்கு அந்த யூனிட் வராது. சப்ளையருக்கு அது தெரியாது, நீங்கதான் சொல்லணும்.

பாக்கி மாறியிருக்கலாம், இங்கதான் சீசன் குழப்பம். கோடையில ஹீட்டிங் இல்ல, ஆனா அதே தொகை கட்டுறோம், அதனால அக்டோபர்ல 200, 300 பவுண்டு கிரெடிட் சேந்திருக்கும். அது லாபம் இல்ல, குளிர்காலத்துக்கு சேத்து வச்ச நெல்லு. அதே மாதிரி மார்ச் கடைசில கொஞ்சம் பாக்கி விழுந்திருந்தா பதற வேணாம், கோடையில அடைஞ்சிடும். குளிர் முடிஞ்சு ஏப்ரல்ல பேலன்ஸ் பூஜ்யத்துக்கு பக்கத்துல நின்னா தொகை சரியா இருக்கு. ஏப்ரல்லயும் 300 பவுண்டு கிரெடிட் நிக்குது, அப்பவும் ஏத்துறாங்கன்னா, அப்ப கேள்வி கேக்கணும்.

7. சப்ளையர்கிட்ட பேசுறது

இப்ப பேசலாம். சாட்லயோ மெயில்லயோ ஆரம்பிங்க, எழுத்துல இருந்தா பின்னாடி ஆதாரம். இதுக்கு முன்னாடி ஆப்லயே தொகையை மாத்துற வசதி இருக்கான்னு பாத்துடுங்க, சில சப்ளையர் ஒரு எல்லைக்குள்ள நீங்களே குறைச்சுக்க விடுவாங்க, அங்கயே முடிஞ்சா யார்கிட்டயும் பேச வேண்டியதில்ல.

"ஏன் இவ்ளோ ஏத்தினீங்க"ன்னு கேட்டா விலைவாசியை பத்தி ஒரு கதை சொல்லுவாங்க. அப்படி கேக்காதீங்க. மூணு நம்பரை கேளுங்க: கரண்டுக்கும் கேஸுக்கும் வருஷத்துக்கு எத்தனை யூனிட்னு வச்சிருக்கீங்க, என்ன ரேட்டு போட்டிருக்கீங்க, எவ்வளவு பாக்கியை எத்தனை மாசத்துல எடுக்கிறீங்க. இதை சொல்ல வேண்டிய கடமை அவங்களுக்கு இருக்கு, ஏன்னா ஃபிக்ஸ்டு டைரக்ட் டெபிட் தொகை கையில இருக்கிற சிறந்த, லேட்டஸ்ட் தகவலை வச்சுதான் போடணும், எதை வச்சு போட்டாங்கன்னு புரியுற மாதிரி விளக்கணும்னு அவங்க லைசென்ஸ் கண்டிஷன்லயே இருக்கு. 2022ல பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவுல 5 லட்சம் பேருக்கு மேல தொகையை ரெண்டு மடங்குக்கும் அதிகமா ஏத்தினதை பாத்துட்டு ஆஃப்ஜெம் அந்த கணக்கையெல்லாம் திரும்ப சரிபார்க்க சொல்லி சப்ளையர்களை விரட்டுச்சு, அதனால இந்த கேள்வி அவங்களுக்கு புதுசு இல்ல.

தம்பி அனுப்பின மெசேஜோட சாரம் இது, நீங்க இங்கிலீஷ்ல உங்க நம்பரை போட்டு அனுப்பலாம்:

"இன்ன தேதியிலேர்ந்து 259 பவுண்டு எடுக்கப்போறதா சொல்லியிருக்கீங்க. மீட்டர் ரீடிங் போட்டோ இணைச்சிருக்கேன். ரீடிங்படி என் வருஷ உபயோகம் கரண்ட் 2,600, கேஸ் 10,000. உங்க ரேட்டுல வருஷத்துக்கு 1,542 பவுண்டு ஆகுது. திருத்தின பில்படி பாக்கி 126 பவுண்டு. இதை 12 மாசமா பிரிச்சா மாசம் 139 பவுண்டு வருது. தொகையை 139ஆ மாத்துங்க, இல்லன்னா நீங்க வச்சிருக்கிற வருஷ யூனிட், ரேட்டு, பாக்கி மூணையும் எழுத்துல குடுங்க."

இதுல கோபமும் இல்ல கெஞ்சலும் இல்ல. படிக்கிற ஆளுக்கு சிஸ்டத்துல எந்த கட்டத்துல எந்த நம்பரை மாத்தணும்னு நேரா தெரியுது, அதான் வேலை செய்யுது. ரெண்டு நாள்ல மாத்திட்டாங்க.

பேரம் பேசுற பழக்கத்துல 139 சரின்னு தெரிஞ்சும் 80 பவுண்டுன்னு கேக்காதீங்க. சில சமயம் ஒத்துக்குவாங்க, அது இன்னும் மோசம், ஏன்னா குளிர்காலத்துல பாக்கி மலையா ஏறி அடுத்த ரிவ்யூல திரும்ப 200ல வந்து நிப்பீங்க.

போன்லதான் பேசுவேன்னா தேதி, நேரம், பேசினவங்க பேர், ரெஃபரன்ஸ் நம்பர் குறிச்சுக்கோங்க. பேசி முடிச்சதும் "இன்னைக்கு பேசினபடி"ன்னு ஒரு வரி மெயில் போட்டு விட்டுடுங்க.

8. தொகை சரிதான், ஆனா கட்ட முடியலன்னா

இது வேற பாதை, இதை அந்த சண்டையோட கலக்காதீங்க. கணக்கு சரியா இருந்து கையில காசு இல்லன்னா, அதை நேரா சொல்லணும். உங்களால எவ்வளவு கட்ட முடியும்ங்கிறதை பாத்து பேமெண்ட் பிளான் போடணும்னு சப்ளையருக்கு விதி இருக்கு. வரவு செலவை ஒரு பேப்பர்ல எழுதி வச்சுட்டு பேசுங்க, பாக்கியை 12 மாசத்துக்கு பதிலா 24 மாசமா பிரிக்க கேக்கலாம்.

வீட்ல வயசானவங்க, சின்ன குழந்தை, உடம்பு முடியாதவங்க இருந்தா கூடுதல் உதவி தேவைப்படுறவங்களுக்கான பிரையாரிட்டி சர்வீசஸ் ரெஜிஸ்டர்ல பேர் குடுங்க, இலவசம். சில பெனிஃபிட் வாங்குறவங்களுக்கு வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட்னு குளிர்காலத்துல 150 பவுண்டு கழிப்பாங்க. வெக்கப்பட்டு கேக்காம விடுறவங்க நம்மள்ல ஜாஸ்தி. யார்கிட்ட பேசுறதுன்னு தெரியலன்னா சிட்டிசன்ஸ் அட்வைஸ்ல இலவசமா வழி சொல்லுவாங்க.

விசால இருக்கிறவங்க மட்டும் ஒண்ணு கவனிங்க, பப்ளிக் ஃபண்ட் கிடையாதுன்னு விசால போட்டிருந்தா பெனிஃபிட்டுக்கு அப்ளை பண்றதுக்கு முன்னாடி விசாரிச்சுட்டு பண்ணுங்க. சப்ளையர்கிட்ட தவணை கேக்குறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, அதை தாராளமா கேக்கலாம்.

9. கிரெடிட்டை திரும்ப வாங்குறது

ஏப்ரல், மே மாசம், உண்மை ரீடிங் போட்ட பில், அதுலயும் பெரிய கிரெடிட் நிக்குதுன்னா கேட்டு வாங்கிக்கலாம், அது உங்க காசு. குடுக்க மாட்டேன்னா நியாயமான காரணம் சொல்லணும். ஒரு மாசத்து தொகை அளவுக்கு விட்டுட்டு மிச்சத்தை கேக்குறது என் பழக்கம். அக்டோபர்ல கேட்டு வாங்கி செலவு பண்ணிட்டு பிப்ரவரில முழிக்கிறவங்களையும் பாத்திருக்கேன்.

10. சப்ளையர் கேக்கலன்னா கம்ப்ளைண்ட்

சாட்ல சும்மா புலம்பினா அதை கம்ப்ளைண்ட்டா பதிவு பண்ணாம விட்டுடலாம். "இது ஃபார்மல் கம்ப்ளைண்ட், பதிவு பண்ணி ரெஃபரன்ஸ் நம்பர் குடுங்க"ன்னு எழுதிட்டா கடிகாரம் என்னைக்கு ஓட ஆரம்பிச்சுதுன்னு ஆதாரம் இருக்கும். 8 வாரத்துல முடியலன்னாலோ, அதுக்கு முன்னாடியே "எங்களால இதுக்கு மேல முடியாது"ன்னு டெட்லாக் லெட்டர் குடுத்தாலோ இந்த மாதிரி வழக்கை நடுவுல இருந்து பாத்து முடிவு சொல்ற எனர்ஜி ஆம்பட்ஸ்மன்கிட்ட போகலாம், ஒரு பைசா செலவு இல்ல. அவங்க முடிவை நீங்க ஏத்துக்கிட்டா சப்ளையர் அதன்படி நடந்தே ஆகணும்.

ஆஃப்ஜெம்முக்கு மெயில் எழுதி உக்காந்திருக்காதீங்க, தனித்தனி ஆளோட வழக்கை அவங்க எடுக்கிறதில்ல. அப்புறம் இந்த எட்டு வாரமும் கட்டாம இருக்கலாம்னு நினைக்காதீங்க, நீங்க கணக்கு போட்ட தொகையையாவது மாசாமாசம் கட்டிட்டு வாங்க, ஆம்பட்ஸ்மன் பாக்குறப்ப அது உங்க பக்கம் நிக்கும்.

11. திரும்ப நடக்காம இருக்க

மாசம் ஒண்ணாம் தேதி ரெண்டு மீட்டரையும் ஒரு போட்டோ, ஸ்மார்ட் மீட்டர் இருந்தாலும். வீடு மாறினா சாவி வாங்கின அன்னைக்கே பெட்டி இறக்குறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ, பழைய வீட்டை விடுற அன்னைக்கு ஒண்ணு. தம்பிகிட்ட அந்த மொத நாள் போட்டோ இருந்ததாலதான் 12 மாச கணக்கையும் ரெண்டு நாள்ல மடக்க முடிஞ்சுது, அதுவும் ஊர்ல அம்மாவுக்கு வீட்டை காட்டுறதுக்காக எடுத்த வீடியோல மீட்டர் பெட்டி தற்செயலா தெரிஞ்சுது.

மாசாமாசம் எரிச்சதுக்கு மட்டும் கட்டுற வேரியபிள் டைரக்ட் டெபிட்டும் சில சப்ளையர்கிட்ட இருக்கு. கிரெடிட் சேராது, கணிப்புத் தொல்லையும் கிடையாது. ஆனா ஜூலைல 60 கட்டினவங்க ஜனவரில 260 கட்ட வேண்டி வரும், சம்பளம் ஒரே மாதிரி வர்ற வீட்டுக்கு அது இடிக்கும். நான் அதுக்கு மாறிட்டு ரெண்டே குளிர்காலத்துல திரும்பி வந்துட்டேன், என் வீட்டம்மா போட்ட சத்தம் தாங்காம.

செப்டம்பர்லயும் மார்ச்லயும் காலண்டர்ல ஒரு ரிமைண்டர் போட்டு வச்சு அஞ்சாவது ஸ்டெப் கணக்கை மட்டும் ஒரு தடவ போடுங்க. தம்பி இந்த மார்ச்ல போட்டு பாத்தார், 144 வந்துது, சப்ளையர் 145னு மெயில் அனுப்பினாங்க, "விட்டுடலாம்ணே"ன்னு சொல்லிட்டார்.